கனலும் கருவியும்

நுழையும்முன்

இரும்பை உருவாக்கும் கருவியும் இரும்பே. ஓர் இரும்பு மற்றோர் இரும்பை வளைக்கிறது, அறுக்கிறது, வேண்டிய வடிவத்திற்குக் கொண்டுவருகிறது. அவ்வாறு வடிவம் தரும் கருவியும் நாளடைவில் தன் வடிவத்தை இழக்கிறது. செந்தணலாய்க் காய்ந்த உலோகத்தைத் தொட்டுப் பணிசெய்யும் கருவிக்கு இவ்விழப்பு மிகுதி. அஃது ஏன் நேர்கிறது? அதனை எவ்வாறு குறைக்கலாம்? கொல்லனின் உலைக்களம் முதல் இன்றைய வாகனத் தொழிற்சாலை வரை இவ்வினாக்களுக்குக் கண்ட விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

உலைக்களம் கற்பித்த பாடம்

துருத்தி, உலை, குறடு, சம்மட்டி, பட்டடை ஆகியவை கொல்லுப்பட்டறையின் உறுப்புகள். சங்கப் புலவர்கள் இவற்றை உவமைகளாகக் கையாண்டனர். அகத்தே பொருந்தாது புறத்தே பொருந்தியவர் நட்பைக் ‘கூடாநட்பு’ அதிகாரத்தில் விளக்கவந்த திருவள்ளுவர், பட்டடையையே உவமையாக எடுத்துக்கொண்டார். தமிழர் வாழ்வில் இரும்புத்தொழில் எவ்வளவு இயல்பாகக் கலந்திருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

காய்ச்சிய இரும்பை உளிகொண்டு வெட்டும் கொல்லரின் செயலை உற்றுநோக்குங்கள். உளியின்மேல் இரண்டு மூன்று அடி விழுந்ததும் அவர் அதனை நீரில் தோய்த்து எடுப்பார், மீண்டும் வெட்டுவார், மீண்டும் தோய்ப்பார். இச்செயல் வெறும் பழக்கமன்று. செந்நிறமாய்க் காய்ந்த இரும்பில் உளிமுனை நெடுநேரம் புதைந்திருந்தால் அம்முனையும் சூடேறும், முன்னர்த் தோய்ச்சல் இட்டுப் பெற்ற கடினத்தன்மையை இழக்கும், மழுங்கும். கருவிக்கும் கனலுக்கும் இடையே நிகழும் போராட்டத்தின் முதற்பாடம் இதுவே. தொடும் நேரம் குறையவேண்டும். தொட்டபின் குளிர்ச்சி வேண்டும். இன்றைய தொழிற்சாலைகளில் ஒவ்வோர் அடிக்கும் பின்னர் அச்சின்மீது நீர்கலந்த உயவுப்பொருள் பீய்ச்சப்படுவதும் இக்காரணத்தாலேயே ஆகும்.

கருவி உருக்கு வளர்ந்த வரலாறு

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், அங்கு இரும்பு உருக்கும் உருக்கெஃகும் ஆக்கும் தொழில் நடைபெற்றதைக் காட்டின. மூடிய மண்குகைகளில் உருக்கி ஆக்கப்பட்ட தென்னிந்திய எஃகினை மேலைநாட்டார் ‘உட்சு’ என அழைத்தனர். மைக்கேல் பாரடே மின்னியலில் புகழ்பெறுவதற்கு முன்னர், கருவி செய்வோரான ஜேம்சு ஸ்டோடர்ட்டுடன் இணைந்து 1819ஆம் ஆண்டு முதல் இவ்வெஃகினை ஆராய்ந்தார். இரும்புடன் பிற உலோகங்களைக் கலந்தால் சிறந்த எஃகு கிடைக்குமா என்னும் அவரது தேடலுக்கு நம் நாட்டு எஃகே தூண்டுகோலாயிற்று.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூரைக் கடந்தால் வருவது பரங்கிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830இல் அங்கு இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலம் பகுதியின் இரும்புத்தாதுவும் மரக்கரியும் அவ்வாலைக்கு மூலப்பொருள்களாயின. பின்னர் இங்கிலாந்து திரும்பிய ஹீத், குகையில் உருக்கும் எஃகுடன் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அம்முறை, எஃகைக் காய்ச்சி அடிப்பதற்கு ஏற்றதாக்கியது.

கலப்பு உலோகங்களின் ஆற்றலை உலகம் கண்கூடாகக் கண்டது 1900ஆம் ஆண்டில்தான். பாரிசு உலகக் கண்காட்சியில், அமெரிக்கரான பிரடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய வெட்டுக்கருவி, முனை சிவந்து ஒளிரும் நிலையிலும் மழுங்காமல் உலோகத்தைச் சீவியது. சிவந்த நிலையிலும் கடினத்தன்மையை இழக்காமல் இருத்தல் என்னும் இப்பண்பே சூட்டுப்பணிக் கருவி உருக்கின் அடிப்படையாகும்.

இன்று சூட்டுப்பணிக்குப் பெரிதும் பயன்படும் ‘எச் 13’ என்னும் கருவி உருக்கில் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கரி, 5 விழுக்காடு குரோமியம், 1 முதல் 1.5 விழுக்காடு வரை மாலிப்டினம், 1 விழுக்காடு வனேடியம் ஆகியவை உள்ளன. இவற்றுள் மாலிப்டினமும் வனேடியமும் கரியுடன் கூடி மிக நுண்ணிய கடினத் துகள்களாய் எஃகினுள் பரவி நிற்கின்றன. வெப்பம் ஏறும்போது எஃகு விரைந்து இளகிவிடாமல் அவை தாங்குகின்றன.

தொடுதலும் தேய்தலும்

டச்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சியர் கைக்கு வந்த 1699ஆம் ஆண்டில், பாரிசு அறிவியல் கழகத்தின் முன் கியோம் அமோந்தோன் உராய்வு பற்றிய தம் முடிவுகளை வைத்தார். இரு பொருள்களை அழுத்தும் விசை மிகுந்தால் உராய்வும் அதே அளவில் மிகும். தொடுபரப்பு பெரிதாயினும் சிறிதாயினும் உராய்வு மாறாது என்பவை அம்முடிவுகள். மற்றொரு பிரெஞ்சியரான கூலும் அடுத்த நூற்றாண்டில் இவற்றை விரிவாகச் சோதித்தார்.

தொடுபரப்பு பெரிதானால் உராய்வும் பெரிதாக வேண்டுமன்றோ? இவ்வியப்பிற்கு விடை இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. எவ்வளவு மெருகேற்றினாலும் உலோகப் பரப்பு நுண்ணோக்கியில் மலையும் பள்ளத்தாக்குமாகவே தோன்றும். இரு பரப்புகள் சேரும்போது அவற்றின் சிகரங்கள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. அழுத்தம் கூடினால் சிகரங்கள் நசுங்கி மெய்யான தொடுபரப்பு கூடும், உராய்வும் கூடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பௌடனும் டேபரும் இவ்விளக்கத்தை நிலைநாட்டினர்.

தேய்மானத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. 1953இல் ஜான் ஆர்ச்சர்ட் வெளியிட்ட விதியின்படி, தேய்ந்து போகும் பொருளின் அளவு அழுத்தும் விசைக்கும் உராய்ந்து செல்லும் தொலைவுக்கும் நேர்விகிதத்தில் அமையும். பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்தில் அமையும். விசை இரட்டித்தால் தேய்மானம் இரட்டிக்கும். கடினத்தன்மை இரட்டித்தால் தேய்மானம் பாதியாகும்.

இக்கணக்கை மட்டும் நோக்கினால், மிகக் கடினமான எஃகைத் தேர்ந்தெடுத்தால் போதும் எனத் தோன்றும். ஆனால் கனல் இக்கணக்கைக் கலைத்துவிடுகிறது. வெப்பம் ஏற ஏற எஃகின் கடினத்தன்மை நிலையாக நில்லாது குறையும். மேலும் காய்ந்த உலோகம் மென்மையாக இருத்தலால் சிகரங்களுக்கு இடையே உள்ள பள்ளங்களையும் நிரப்பிக்கொண்டு கருவியோடு முழுதும் பொருந்திவிடும். அந்நிலையில் பரப்பு நழுவுவதற்கு மாறாக, உலோகத்தின் உள்ளடுக்கே அறுந்து நகரும். அமோந்தோனின் எளிய விதி அங்குச் செல்லாது.

வெம்மை செய்யும் கேடுகள்

வாகன எந்திரத்தின் வணரித்தண்டை எண்ணிப்பாருங்கள். எந்திரத்தின் மேலும் கீழுமான இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது அதுவே. எஃகுக் கட்டியை ஏறத்தாழ 1200 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி, வடிவம் குடைந்த இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்துப் பேரழுத்தத்தில் அடித்து அதனை உருவாக்குவர். தொழிலகத்தார் இப்பணியை ‘ஃபோர்ஜிங்’ என்றும் அச்சினை ‘டை’ என்றும் வழங்குவர். 1961இல் புனேயில் நிறுவப்பட்ட பாரத் ஃபோர்ஜ் போன்ற நிறுவனங்கள் இத்தொழிலில் உலக அளவில் இயங்குகின்றன. சென்னையைச் சுற்றி வளர்ந்துள்ள மோட்டார் வாகனத் தொழிலும் இவ்வகைப் பாகங்களை நம்பியே இயங்குகிறது.

பணிக்குமுன் அச்சுகளை ஏறத்தாழ 150 முதல் 300 பாகை வரை முன்சூடேற்றுவர். காய்ந்த எஃகு தொடும் நொடியில் அச்சின் மேற்பரப்பு 600 பாகைக்கும் மேல் ஏறக்கூடும். அடுத்த நொடியில் உயவுநீர் பட்டுக் குளிரும். ஒரு வேலைநாளில் இது பன்முறை நிகழும். இதனால் விளையும் கேடுகள் நான்கு.

முதலாவது, அராவுத் தேய்மானம். காய்ந்த இரும்பின்மேல் படியும் கருஞ்செதில்கள் கடினமானவை. அவை அச்சுக்கும் இரும்புக்கும் இடையே சிக்கி, அரம்போல் அராவுகின்றன. 

இரண்டாவது, ஒட்டுத் தேய்மானம். பேரழுத்தத்திலும் வெப்பத்திலும் இரு உலோகங்களும் ஆங்காங்கே ஒட்டிப் பற்றிக்கொள்ளும். பிரியும்போது ஒன்றன் துணுக்கு மற்றொன்றில் தங்கிவிடும். 

மூன்றாவது, வடிவச் சிதைவு. அச்சின் முனைகளும் விளிம்புகளும் மிகுந்த சூடேறி இளகி, அழுத்தத்திற்கு ஆற்றாது சாய்ந்துவிடும். 

நான்காவது, வெப்பச் சோர்வு. மேற்பரப்பு சூடேறி விரிய முயலும். உள்ளே குளிர்ந்திருக்கும் பகுதி அதனைத் தடுக்கும். குளிரும்போது இது தலைகீழாக நிகழும். இவ்விரிவும் சுருக்கமும் பல்லாயிரம் முறை தொடர்ந்தால் மேற்பரப்பில் வலைபோன்ற வெடிப்புகள் தோன்றும். பெயரிலேயே உப்பைத் தாங்கிய புதுச்சேரி உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க நெடிய உரை வேண்டா. நீர் வற்றிக் காய்ந்த பாத்தியின் மண் எவ்வாறு பாளம் பாளமாக வெடிக்குமோ, அவ்வாறே பழைய அச்சின் முகமும் வெடித்துக் காணப்படும்.

இந்நான்கும் தனித்தனியே நிகழ்வனவல்ல. வெடிப்பின் விளிம்பு உடைந்து துகளாகும், அத்துகள் அராவும், அராவிய இடம் கரடாகி ஒட்டுதலுக்கு வழிவகுக்கும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

தெரிந்து தெளிவோம்

அச்சினை மிகக் கடினமாக்கினால் அராவுத் தேய்மானம் குறையும். ஆனால் அது முறியாத் திறனை இழந்து, அடியின் அதிர்ச்சியில் பிளந்துபோகக்கூடும். மிக மென்மையாக்கினால் பிளவாது, விரைவில் தேயும். ஆகவேதான் சூட்டுப்பணி அச்சுகளைக் கடினமாக்கியபின், ஏறத்தாழ 550 முதல் 620 பாகை வரை மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்துவர். இதனால் கடினத்தன்மையில் சிறுபகுதியை விட்டுக்கொடுத்து முறியாத் திறனைப் பெறுகின்றனர்.

உராய்வு பகையா?

உராய்வை முற்றும் ஒழித்துவிட்டால் நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். காய்ந்த எஃகுப் பாளத்தைத் தகடாக்கும் உருட்டாலையை நோக்குக. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள், பாளத்தைத் தம்மிடையே இழுத்து நசுக்குகின்றன. பாளத்தை உள்ளே இழுப்பது எது? உருளைக்கும் பாளத்திற்கும் இடையே உள்ள உராய்வே. அஃது இல்லையேல் உருளைகள் வீணே சுழலும். பாளம் வாயிலிலேயே நிற்கும். அச்சுகளிலும் உலோகம் ஓரிடத்தில் தடைப்பட்டால்தான் மற்றோர் இடத்திலுள்ள ஆழ்ந்த குழியைச் சென்று நிரப்பும். எனவே உராய்வை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் நிறுத்துவதே பொறியாளரின் நோக்கமாகும்.

இடைநிற்கும் படலம்

அவ்வளவை நிறுத்துவது எது? கருவிக்கும் கனலுக்கும் இடையே நிற்கும் மெல்லிய படலமே. கருவியின் வாழ்நாளை அதன் உள்ளுரம் மட்டும் முடிவுசெய்வதில்லை. கண்ணுக்குப் புலப்படாத இப்படலமும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

பழைய பட்டறைகளில் அச்சினுள் ஈர மரத்தூளை இடுவர், உப்புநீரையும் தெளிப்பர். காய்ந்த இரும்பு பட்டதும் ஈரம் ஆவியாகிப் பொங்கி, வடித்த பொருள் அச்சில் ஒட்டாமல் எழும்பும், செதில்களும் உதிரும். பின்னர் இவற்றின் இடத்தைக் காரீயக்கல் எனப்படும் கிராஃபைட்டு பிடித்தது. நாம் எழுதும் பென்சிலின் உட்குச்சி இதனால் ஆனது. இதன் கரியணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு வலுவற்றது. ஆதலால் அவை எளிதில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. நீரில் கலந்து அச்சின்மேல் தெளித்தால் நீர் ஆவியாகி அச்சினைக் குளிர்விக்கும். கிராஃபைட்டுப் படலம் தங்கி உராய்வைக் குறைக்கும். இக்கனிமம் சிவகங்கை மாவட்டத்தில் கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதனை வெட்டியெடுக்கிறது. அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தி அமைந்துள்ளதும் அதே மாவட்டத்தில்தான்.

எஃகைக் காய்ச்சிக் குழல்களாகவும் தண்டுகளாகவும் பிதுக்கும் பணியில் கிராஃபைட்டும் போதாது. பிரெஞ்சுப் பொறியாளர் ழாக் செழூர்னே 1940களில் அதற்கொரு வழி கண்டார். அவர் பயன்படுத்திய உயவுப்பொருள் கண்ணாடி! ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில் கண்ணாடி இளகித் தேன்போல் குழைகிறது. அப்படலம் உராய்வைக் குறைப்பதோடு வெப்பம் கருவிக்குள் விரைந்து பாயாமலும் தடுக்கிறது. உடையும் பொருள் எனக் கருதப்படும் கண்ணாடி, எஃகினைக் காக்கும் கவசமாயிற்று.

இயற்கையும் ஒரு படலத்தைத் தருகிறது. சூடேறிய இரும்பின்மேல் ஆக்சிசன் கூடிச் செதில் உண்டாகும் என முன்னர்க் கண்டோம். தளர்வான செதில் அராவும். ஆனால் சில நிலைகளில் அதன் நுண்துகள்கள் உராய்வினால் அரைபட்டு, அழுத்தத்தில் இறுகி, கருவியின்மேல் பளபளப்பான மெருகாகப் படிகின்றன. அம்மெருகு நிலைபெற்றால் உலோகமும் உலோகமும் நேரே தொடுவது தடைப்படும். உராய்வும் தேய்மானமும் குறையும். கேடு செய்யும் பொருளே காவலாகவும் மாறுவது, உயர்வெப்ப உராய்வில் ஆய்வாளரை ஈர்க்கும் உண்மையாகும்.

மூன்றாவது வழி, கருவியின் தோலையே வலிதாக்குவது. எச் 13 போன்ற எஃகை ஏறத்தாழ 500 முதல் 580 பாகை வரையிலான வெப்பத்தில் நைட்ரஜன் சூழலில் வைத்தால், நைட்ரஜன் அணுக்கள் மேற்பரப்பினுள் ஊடுருவும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழத்திற்கு உள்ள அத்தோல், உள்ளகத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு கடினமாகும். உள்ளகமோ முறியாத் திறனுடன் விளங்கும். உருகிய உப்புகளில் மூழ்கவைத்தும் இதனைச் செய்வர். அவ்வுப்புகள் நாம் உண்ணும் உப்பல்ல. வேதித்தொழிற்கூடங்களில் ஆக்கப்படும் சயனேட்டு உப்புகள்.

உயிர் காக்கும் தகடு

இப்படலம் தவறினால் என்ன நேரும்? மகிழுந்தின் முன்கதவிற்கும் பின்கதவிற்கும் இடையே நிற்கும் தூணைப் பாருங்கள். பக்கவாட்டில் மோதல் நிகழ்ந்தால் பயணியரைக் காப்பது அத்தூண். இன்று பல வாகனங்களில் அதனைச் சூட்டு அச்சழுத்த முறையில் செய்கின்றனர். சுவீடனின் லூலியோ நகரத்து இரும்பாலை 1977இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது. 1984இல் சாப் நிறுவனம் தன் மகிழுந்தில் இதனைப் பயன்படுத்தியது.

சிறிதளவு போரான் கலந்த எஃகுத் தகட்டினை ஏறத்தாழ 900 முதல் 950 பாகை வரை காய்ச்சுவர். சில நொடிகளில் அச்சிற்கு மாற்றி அழுத்துவர். அச்சினுள் ஓடும் குளிர்நீர், தகட்டை நொடிக்கு ஏறத்தாழ 30 பாகை அல்லது அதற்கும் மிகுந்த வேகத்தில் குளிர்விக்கும். வடிவம் பெறுதலும் தோய்ச்சல் பெறுதலும் ஒரே செயலில் முடிகின்றன. கொல்லர் பட்டறையில் பட்டடையும் தொட்டிநீரும் தனித்தனியே செய்யும் பணிகளை இங்கு ஒரே கருவி செய்கிறது. 600 மெகாபாஸ்கல் அளவில் இருந்த தகட்டின் வலிமை 1500 மெகாபாஸ்கல் அளவிற்கு உயர்கிறது.

இம்முறையில் பொதுவாக உயவுநீர் பயன்படுவதில்லை. தகட்டின்மேல் முன்னரே பூசப்பட்ட அலுமினிய-சிலிக்கன் பூச்சே இடைநிற்கும் படலம். அது செதில் படியாமல் தடுக்கிறது. எனினும் உயர்வெப்பத்தில் அப்பூச்சின் துகள்கள் கருவியில் ஒட்டிப் படியவும் செய்கின்றன. கருவி ஓரிடத்தில் தேய்ந்தாலோ, ஓரிடத்தில் துகள் திரண்டு மேடானாலோ, தகட்டிற்கும் கருவிக்கும் இடையே இடைவெளி தோன்றும். இடைவெளி உள்ள இடத்தில் வெப்பம் விரைந்து வெளியேறாது. அங்குத் தகடு போதிய வலிமை பெறாது. தாளினும் மெல்லிய தேய்மானம், மோதலின்போது பயணியைக் காக்கவேண்டிய தூணில் ஒரு மெலிந்த இடமாக எஞ்சக்கூடும். கருவியைக் கண்காணிப்பது பயணியின் உயிரைக் கண்காணிப்பதாகும்.

தேய்மானத்தின் விலை

அச்சு தேய்ந்தால் அதனைச் செதுக்கிப் புதுப்பிப்பர், பற்றவைத்து நிரப்புவர், இயலாதபோது கழித்துவிடுவர். கழிக்கப்படும் ஒவ்வோர் அச்சுடனும் அதிலுள்ள அரிய உலோகங்களும் பணியிலிருந்து நீங்குகின்றன. மாலிப்டினத்திற்கு நம் நாடு இறக்குமதியையே நம்பியுள்ளது. தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பகுதியில் அதன் தாது இருப்பது கண்டறியப்பட்டுள்ளது எனினும், இன்றைய தேவைக்குக் கைகொடுப்பது அயல்நாட்டுச் சரக்கே. எனவே கருவியின் வாழ்நாளை நீட்டுவது நாட்டின் செல்வத்தைக் காப்பதும் ஆகும்.

விலை பணத்தில் மட்டும் அமைவதில்லை. எண்ணெயும் கிராஃபைட்டும் கனலில் பட்டு எழும் புகையும் தூளும், அச்சின் அருகே நிற்கும் தொழிலாளரின் மூச்சில் கலக்கின்றன. தளத்தை வழுக்கச் செய்கின்றன. புகை குறைந்த, கிராஃபைட்டு கலவாத வெண்ணிற உயவுப்பொருள்களையும், புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்புகளையும் தொழிலகங்கள் நாடுவதற்கு இதுவும் காரணம். கருவியைக் காக்கும் படலம், அக்கருவியை இயக்கும் மனிதரையும் காப்பதாக அமைதல் வேண்டும்.

உளியை நீரில் தோய்த்த கொல்லருக்கு ஆர்ச்சர்டின் விதி தெரியாது. எனினும் எத்தனை அடிக்கு ஒருமுறை தோய்க்கவேண்டும் என்பதை அவர் கை அறிந்திருந்தது. அக்கையறிவை அளந்தும் எழுதியும் எவரும் கற்கத்தக்க அறிவாக மாற்றும் பணியை அறிவியல் செய்துவருகிறது. அப்பணி முடிந்துவிடவில்லை. நாளைய பொறியாளர்களாகிய மாணவர்கள் அதனைத் தொடர்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள கொல்லுப்பட்டறைக்கு ஆசிரியருடன் சென்று, அங்குப் பயன்படும் கருவிகளின் பெயர்களையும் அவற்றுள் விரைவில் தேய்வன எவை என்பதையும் கேட்டுத் தொகுக்க.
2. ‘உராய்வு பகையா, நட்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. தோய்ச்சல், பட்டடை, துருத்தி, குறடு ஆகிய சொற்கள் உங்கள் பகுதியில் எவ்வாறு வழங்குகின்றன எனக் கண்டறிந்து எழுதுக.
4. வீட்டிலுள்ள தேய்ந்த பொருள் ஒன்றைத் தேர்ந்து, அது தேய்ந்த இடத்தையும் அதற்கான காரணத்தையும் ஒரு பக்க அளவில் விளக்குக.